நம்பர் ஏழுக்கு எத்தனை மார்க்கு

— பதினஞ்சாம் நம்பருக்கு மூணு மார்க்கு. அதுகூட அவங்கம்மா முகத்துக்காகப் போடறேன்.

— எந்த அம்மா?

— அவனோட அம்மாதான். முன் வரிசையில உக்காந்து நமக்கெல்லாம் சாண்ட்விச் குடுத்தாங்களே...

— ஆமா, நீ ரெண்டு தின்ன.

— அதான் மூணு. இல்லேன்னா ஒண்ணு. வானத்துலேர்ந்து நேரா மடியில வந்து விழுந்த பந்துடி டெலித்! பச்சப்புள்ள புடிக்கும். இவன் கையை விரிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கறான்.

— மழைய்யா எல்வின். பந்து சோப்பு மாதிரி வழுக்குச்சு.

— மழை போர்ச்சுகல்காரனுக்கு மட்டும் பெய்யலையா? அவன் வெயில்ல காயற ஊர்க்காரன். நம்மாளு மழையில பொறந்து மழையிலயே பல்லு முளைச்சவன்! கார்டிஃப்ல, நம்ம மைதானத்துல, ரக்பியில போர்ச்சுகல்கிட்ட தோத்துட்டு ரயிலுக்கு வரிசையில நிக்கறோம். இருபதுக்குப் பத்தொம்பது! ஒரே ஒரு பாயிண்ட்டு! வெளிய சொன்னா காறித் துப்புவான்.

— கத்தாதய்யா. முன்னாடி நிக்கறவங்க திரும்பிப் பாக்கறாங்க.

— பாக்கட்டும். அவங்க வயிறும் எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. சார், உங்களுக்கு எரியுது இல்ல? பாத்தியா, தலையாட்டறாரு.

— அந்தப் பொண்ணு கைக்குழந்தையோட நனைஞ்சுக்கிட்டு நிக்குது. ஏம்மா, நீ முன்னால போம்மா. போ, போ.

— இது நாலாவது குடும்பம் டெலித். இப்படி எல்லாரையும் முன்னால விட்டுக்கிட்டே இருந்தா நாம நாளைக்குத்தான் ஊர் போய்ச் சேருவோம்.

— போனா என்ன, போகாட்டி என்ன. ஊர்ல என்ன கொட்டிக் கெடக்கு?

— என்ன கொட்டிக் கெடக்கா? எட்டு மணிக்கு நான் கிளப்புல பீர் பெட்டி மேல ஏறணும்டி! இருபது வருஷமா வேல்ஸ் ஆடின எந்த மேட்சுக்கும் நான் மார்க்கு சொல்லாம இருந்ததில்ல. பதினஞ்சாம் நம்பர்லேர்ந்து ஒண்ணு வரைக்கும், ஆளாளுக்கு இவ்வளவுன்னு. என் மார்க்கைக் கேட்டுட்டுத்தான் நம்ம ஊர் பான்ட்கரெக்ல அடுத்த கிளாஸ் பீரையே ஊத்துவாங்க.

— கேட்டுட்டு உன்மேல சிப்ஸை விட்டெறிவாங்க.

— அது பாசம்.

— இன்னிக்கு ஒரு நாள் ஏறாதயேன் எல்வின்.

— இன்னிக்கா? இன்னிக்கு ஏறாட்டி அப்புறம் என்னிக்கு ஏறறது? இன்னிக்குத்தான்டி நெறைய பேசணும். பத்தாம் நம்பரை எடுத்துக்க... அந்த அழகன்...

— அவன் முடியைப் பத்திப் பேசாத. போன மாசம் அதைப் பேசி பக்கத்து வீட்டுல சண்டை வந்துச்சு.

— முடி நல்லாத்தான் இருந்துச்சு. ஆட்டம் முழுக்கக் கலையவே இல்ல. அதான் என் கோவமே! நாலு பாயிண்ட் முன்னால இருக்கோம். முன்னால ஓட எடம் கெடக்கு, பக்கத்துல நம்மாளுங்க ரெண்டு பேரு கையை நீட்டிக்கிட்டு ஓடி வராங்க. இவன் பந்தை உதைக்கறான். யாருக்கு? போர்ச்சுகல்காரனுக்கே! இந்தாப்பா வெச்சுக்கன்னு. ரெண்டு மார்க்கு.

— ரெண்டு ரொம்பக் கம்மி.

— முதல் பாதியில ஒரு பெனால்டி போட்டான். இல்லேன்னா பூஜ்யம். அப்புறம் அந்தப் பதினாலாம் நம்பர்...

— அவன்கிட்ட பந்தே வரலைய்யா.

— வரலேன்னா போய் வாங்கணும். எதிர்ல ஆடின போர்ச்சுகல் பையனைப் பாரு. திங்கக்கிழமை ஆனா பல்லு புடுங்கப் போறவனாம். பல் டாக்டர்! இங்க உக்காந்து சம்பளம் வாங்கறவன் நிக்கறான், பல்லு புடுங்கறவன் ஓடறான்.

— நல்லா ஓடினான்.

— ஓடினான்டி. அவனுக்கு எட்டு போடுவேன். எதிரியா இருந்தாலும் எட்டு. எனக்கு ஓரவஞ்சனை கிடையாது.

— அப்போ முன்வரிசைக்கு?

— ஒண்ணு, ரெண்டு, மூணு, அந்த மூணு பேருக்கும் ஆளுக்கு அஞ்சு. குனிஞ்சு தோளால முட்டித் தள்ற ஸ்க்ரம்முல அசையாம நின்னாங்க. அதுக்கு மேல அவங்ககிட்ட எதிர்பாக்கறது பாவம். நான் அந்த எடத்துல ஆடினவன், எனக்குத் தெரியும் கழுத்து என்ன பாடுபடும்னு... எதுக்கு அந்த போனையே பாத்துக்கிட்டிருக்க?

— மணி பாத்தேன்.

— ஸ்டேஷன் மேல அவ்வளவு பெரிய கடிகாரம் தொங்குது.

— எனக்கு கண்ணு தெரியல. நீ உன் மார்க்கைச் சொல்லு.

— எங்க விட்டேன்? எட்டாம் நம்பர் நாலு. ஆறாம் நம்பர் அஞ்சு. ஏழு...

— ஏழை விட்டுடு.

— ஏன் விடணும்?

— நம்ம புள்ளைக்கு நீயே மார்க்கு போட்டா ஊர் சிரிக்கும்.

— போன ரெண்டு மேட்சுக்கும் போட்டேனே, ஊர் சிரிச்சுதா? முதல் மேட்சுக்கு ஆறுதான் குடுத்தேன். அவன் ஒரு வாரம் எங்கூட பேசல. மாக்சன் என் மகன்கறதுக்காக இல்லடி, நியாயமாச் சொல்றேன்... இன்னிக்கு எட்டு.

— எட்டா?

— ஒம்பதுன்னுதான் வாயில வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். அந்த சிவப்புச் சட்டையில இன்னிக்கு ஆம்பளையா ஆடினவன் அவன் ஒருத்தன்தான். எத்தனை பேரை மடக்கித் தள்ளினான்! ஒருத்தனைத் தூக்கினான் பாரு, விளம்பரப் பலகையில போய் விழுந்தான்.

— அதெல்லாம் அடிபடறதுக்கு முன்னால.

— என்ன?

— அடிபடறதுக்கு முன்னால எட்டு. நானும் ஒத்துக்கறேன். அந்த குண்டனோட முட்டி வந்து இவன் நெத்திப்பொட்டுல இடிச்சதுக்கு அப்புறம்?

— அப்புறம் என்ன? உள்ள கூட்டிட்டுப் போனாங்க, தலைக்கு டெஸ்ட்டு வெச்சாங்க, பாஸ் ஆனான், திரும்பி வந்தான். கைதட்டல்ல கூரையே பிச்சுக்கிச்சு. நீதான் அப்ப இல்ல. பாத்ரூம் போறேன்னு போனவ அரை மணி நேரம் ஆளையே காணோம்.

— வந்தப்புறம் அவன் ஆடினதைப் பாத்தியா, இல்லையா?

— பாத்தேன்.

— பந்தை உள்ள எறியறப்ப ரெண்டு டீமும் வரிசை கட்டற லைன் அவுட்டுல எங்க போய் நின்னான்?

— கொஞ்சம் தள்ளி நின்னான்.

— தள்ளியா? போர்ச்சுகல்காரங்க வரிசையில போய் நின்னான் எல்வின். அவங்களோட ஒருத்தனா. அவங்க ஒம்பதாம் நம்பர் தோளைப் புடிச்சுத் திருப்பி அனுப்பினான்.

— அது தந்திரம்டி! எதிரியைக் குழப்பற தந்திரம்.

— எது? நடந்து போய் அவங்க பக்கம் நிக்கறதா?

— நீ பேசாம இரு. உனக்கு ஆட்டம் தெரியாது.

— எனக்கா? பதினாறு வருஷம் கிளப்புல வாளியும் ஸ்பாஞ்சும் தூக்கிக்கிட்டு ஓடினவ நானு. உங்க எல்லார் மூக்குலயும் ரத்தம் தொடச்சவ. எனக்கு ஆட்டம் தெரியாதா?

— சரி, தெரியும்னா சொல்லு. அவனை ஏன் வெளிய எடுத்தாங்க? எட்டு நிமிஷம் பாக்கி. நாலு பாயிண்ட் நாம முன்னால. ஆட்டத்துலயே நல்லா மடக்கறவனை, டெஸ்ட்டுல பாஸ் ஆகி வந்தவனை, நடந்து போய்க்கிட்டிருந்தவனை, கையைப் புடிச்சு வெளிய இழுக்கறாங்க. அவனுக்குப் பதிலா யாரை விடறாங்க? மால்ட்வின் பெத்த அந்தத் தறுதலை ரோட்ரியை! அவன் என்ன பண்ணினான்?

— விட்டுட்டான்.

— விட்டுட்டான்! கோட்டுக்கிட்ட, அவன் முன்னால வந்த ஒரே ஒரு ஆளை, சட்டையைக்கூட தொடல. அந்தப் பல் டாக்டர் சிரிச்சுக்கிட்டே போய் மூலையில பந்தைத் தரையில வெச்சான், ட்ரை, அஞ்சு பாயிண்ட்டு. முடிஞ்சுபோச்சு. மாக்சன் அங்க நின்னிருந்தா அவனை அலாக்காத் தூக்கி ஆத்துல போட்டிருப்பான்.

— நின்னிருந்தா.

— என்னடி நின்னிருந்தா? என் வயிறு எரியுது, நீ கிண்டல் பண்ற.

— நான் கிண்டல் பண்ணல.

— அந்தக் கோச்சுக்கு மைனஸ் போடப்போறேன். இருபது வருஷத்துல முதல் மைனஸ். அந்த டீம் டாக்டரம்மாவுக்கும் சேத்து. பெட்டி மேல ஏறி... இரு இரு. சார், உங்க போன்ல என்ன சொல்றான்? கோச் பேட்டியா? கொஞ்சம் சத்தமா வையுங்க...

— எல்வின், இங்க வா. மழை விழுது, கூரைக்குக் கீழ வா.

— சும்மா இருடி, கேக்கவிடு... கேட்டியா? கேட்டியாடி?

— சத்தத்துல கேக்கல.

— 'எனக்கும் அவனை எடுக்க மனசில்ல, டாக்டருக்கு ஒரு தகவல் வந்துச்சு, அதனால எடுத்தோம்'கறான். தகவலாம்! நடு ஆட்டத்துல என்ன தகவல்? வானத்துலேர்ந்து அசரீரியா?

— யாராவது ஏதாவது சொல்லியிருப்பாங்க.

— என்ன சொல்லியிருப்பாங்க? டெஸ்ட்டுல பாஸ் ஆனவனை எடுக்கற அளவுக்கு என்ன... ஐயோ.

— என்னய்யா?

— ஆகஸ்ட்டு. அந்த ஆகஸ்ட் சமாச்சாரத்தை யாரோ போட்டுக் குடுத்திருக்கான்டி!

— மெதுவாப் பேசு.

— சீசன் ஆரம்பத்துல ஒரு டெஸ்ட்டு வெப்பாங்களே... பத்து வார்த்தை சொல்லி, திருப்பிச் சொல்லுன்னு. அதை வெச்சுத்தான் அடிபட்டப்புறம் தலை சரியா இருக்கான்னு பாப்பாங்க. மாக்சன் வேணும்னே நாலே நாலு வார்த்தை சொன்னான். அப்பத்தான் நாளைக்கு அடிபட்டு நாலு சொன்னாலும் பாஸ். யாரு பண்ணல? நல்ல பசங்க அத்தனை பேரும் அதைத்தான் பண்றான்!

— ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல உக்காந்து சொன்னான். நீ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிச்ச.

— நீயும்தான் சிரிச்ச. 'பள்ளிக்கூடத்துலயும் நாலு மார்க்குதானேடா வாங்கின'ன்னு சொன்னது யாரு?

— நான்தான் சொன்னேன். மறக்கல.

— அப்ப அது யாருக்கெல்லாம் தெரியும்? அவனுக்கு. நமக்கு ரெண்டு பேருக்கு. நாம சொல்லமாட்டோம். வேற... வேற யாரு... மால்ட்வின்!

— மால்ட்வினுக்கு எப்படித் தெரியும்?

— ரோட்ரியும் மாக்சனும் ஒரே ரூம்ல தங்கறவனுங்க. பேச்சு வாக்குல சொல்லியிருப்பான். ரோட்ரி அவங்கப்பன்கிட்ட சொல்லியிருப்பான். மகன் பெஞ்சுல உக்காந்து தேயறதைப் பாத்து மால்ட்வினுக்குப் பொறுக்கல. கீழ எறங்கிப் போய் வத்தி வெச்சுட்டான்! கடைசியில அவனைப் பாத்தேன்டி, ரோட்ரி உள்ள போனப்ப எழுந்து நின்னு கைதட்டினான்.

— பெத்த புள்ள உள்ள போனா கைதட்ட மாட்டானா? நீ என்ன பண்ணுவ?

— இது அந்தக் கைதட்டல் இல்ல. எனக்குத் தெரியும். அவங்க ஊர்க்காரன் எப்பவுமே அப்படித்தான். நாம பள்ளத்தாக்குல ஆடின ஃபைனல்ல நடுவருக்கு... அடேய், அதோ நிக்கறான்!

— யாரு?

— மால்ட்வின்தான். பக்கத்து வரிசையில. அந்தத் தொப்பியோட. சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கான் பாரு. நாட்டையே குழியில தள்ளிட்டு சிப்ஸ் தின்னுக்கிட்டிருக்கான்... யாருடி போன்ல?

— இரு. ஹலோ... ஆமா, நான்தான்... சரி... சரிங்க... இப்ப முழிச்சிருக்கானா? யாரு பக்கத்துல இருக்கா?... ரெண்டு பேரும் வரலாமா?... சரி. ரொம்ப நன்றிங்க.

— யாரு?

— அக்கா.

— அக்காவை என்னிக்குடி வாங்க போங்கன்னு பேசின?

— இன்னிக்கு.

— முழிச்சிருக்கானான்னு யாரைக் கேட்ட?

— அவ நாயை. எல்வின், நான் ஒண்ணு சொல்லணும். வரிசையை விட்டு வா.

— வந்து கேக்கறேன். முதல்ல இந்தத் தொப்பிக்காரன் கணக்கை முடிச்சுட்டு வரேன்.

— அங்க போகாதய்யா.

— ரெண்டு கேள்வி கேப்பேன். பதில் சொல்லலேன்னா அந்த சிப்ஸை அவன் மூஞ்சியிலயே...

— எல்வின்!

— கையை விடு டெலித். உன் புள்ளையோட எடத்தைத் திருடியிருக்கான். அடுத்த சனிக்கிழமை இங்கிலாந்தோட ஆட்டம். இனி அந்த எடத்துல ரோட்ரி நிப்பான், நம்ம புள்ள வீட்டுல உக்காந்து டிவி பாப்பான். இந்த ஒரு சட்டைக்காக ஆறு வயசுலேர்ந்து சேத்துல புரண்டவன்டி அவன்! நீயே எத்தனை சட்டை தொவச்சிருப்ப! உனக்குக் கோவம் வரல? நீயெல்லாம் ஒரு... டேய் மால்ட்வின்! இங்க திரும்புடா!

— நான்தான்யா சொன்னேன்.

— டேய் உன்னைத்தான்... என்ன?

— மால்ட்வின் இல்ல. அவனுக்கு எதுவும் தெரியாது. டாக்டரம்மாகிட்ட ஆகஸ்ட் விஷயத்தைச் சொன்னது நான்.

— விளையாடாத.

— விளையாடல.

— அவனைக் காப்பாத்தறதுக்காகச் சொல்ற. சண்டை வேண்டாம்னு.

— பாத்ரூம் போறேன்னுட்டு கீழ எறங்கிப் போனேன். குடும்பத்துக்குக் குடுத்த சீட்டைக் காட்டினேன், தடுப்புகிட்ட விட்டாங்க. டாக்டரம்மாவைக் கூப்பிடு, இல்லேன்னா நான் மைதானத்துக்குள்ள ஓடுவேன்னு சொன்னேன். வந்தாங்க. சொன்னேன். அவங்க மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஆளை மாத்தச் சொல்லி உடனே கையைத் தூக்கினாங்க.

— நீ...

— நான்தான்.

— என்ன காரியம்டி பண்ணின நீ?

— திட்டு. நல்லாத் திட்டு.

— நாலு பாயிண்ட் முன்னால இருந்தோம்டி! எழுவத்தஞ்சாயிரம் பேரு தொண்டை கிழியப் பாடிக்கிட்டிருந்தான்! நீ எறங்கிப் போய்... சொந்தப் புள்ளையையே... நாடே தோத்துப்போச்சு டெலித். உன்னால. என் பொண்டாட்டியால! நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அந்தப் பெட்டி மேல ஏறுவேன்?

— ஏறாத.

— 'எல்வின், யாராலப்பா தோத்தோம்'னு கேப்பானுங்க. என் சமையக்கட்டுலேர்ந்துதான்னு சொல்லவா?

— சொல்லு. நானே வந்து பெட்டி மேல ஏறிச் சொல்றேன். சிப்ஸை என் மேல எறியட்டும்.

— வெக்கமா இல்ல?

— இல்ல.

— சாவடிச்சுட்டடி. அவன் ஆட்டத்தையே சாவடிச்சுட்ட. பொய் டெஸ்ட்டு குடுத்தவன்னு பேரு வந்துருச்சு, இனி எவன் அவனை எடுப்பான்? மோசமா ஆடினான்னா அடுத்த மேட்ச்ல சரி பண்ணிக்கலாம். தலை போச்சுன்னு எழுதிட்டா முடிஞ்சுது! அதுக்குத்தான்டி நான்...

— நீ?

— ஒண்ணுமில்ல.

— 'அதுக்குத்தான் நான்'னா என்ன? சொல்லு.

— ஒண்ணுமில்லன்னேன்ல! ஹோட்டலுக்குப் போன் போடு. அவன்கிட்ட நான் பேசறேன். அவனே உன்னை என்ன கேக்கறான் பாரு.

— அவன் ஹோட்டல்ல இல்ல.

— பின்ன?

— ஆஸ்பத்திரியில. விசில் ஊதறதுக்கு முன்னாலயே ஆம்புலன்ஸ்ல கொண்டுபோயிட்டாங்க. ஸ்கேன் எடுக்கற வரைக்கும் யாரும் வரக்கூடாது, முடிஞ்சதும் கூப்பிடறேன்னாங்க. இப்ப கூப்பிட்டாங்க.

— அக்கா போனு...

— டாக்டரம்மா. மூளையில வீக்கமாம். கொஞ்சம்தானாம். இன்னொரு தடவை இடிச்சிருந்தா இப்ப எங்கிட்ட வேற மாதிரி பேசியிருப்பேன்னு சொல்றாங்க. முழிச்சிருக்கான். நாம வரலாமாம்.

— இவ்வளவு நேரமா... இதை வெச்சுக்கிட்டா நீ இங்க நின்ன?

— விசில் ஊதினதுலேர்ந்து சொல்லப் பாக்கறேன். நீ என்னைப் பேச விட்டியா? பதினஞ்சுக்கு மூணு, பத்துக்கு ரெண்டுன்னு... உன்னை வெச்சுக்கிட்டு இதைச் சொன்னா நேரா அந்த டாக்டரம்மா மேல பாய்வ. அவங்க என் புள்ள பக்கத்துல இருக்கணும் எனக்கு.

— எந்த ஆஸ்பத்திரி?

— பெரிய ஆஸ்பத்திரி. டாக்சி அந்தப் பாலத்துக்குக் கீழ நிக்கும்.

— நட.

— குடை...

— குடை கெடக்கட்டும், நடடி... வழி விடுங்க. கொஞ்சம் வழி விடுங்க. இல்லைங்க, ரயில் வேண்டாம்.

— மால்ட்வின் உன்னையே பாக்கறான்.

— பாக்கட்டும்... மால்ட்வின்! ஒண்ணுமில்லப்பா. வேற யாரோன்னு நெனச்சுக் கூப்பிட்டேன்... உன் பையன் கிட்ட சொல்லு... ஒண்ணுமில்ல, போ.

— இப்படித் திரும்பு. வெளிச்சம் இருக்கற பக்கம்.

— டெலித்.

— ம்.

— கை.

— என்ன கை?

— அடிபட்டு விழுந்தான்ல... அப்ப அவன் வலது கை மேல தூக்கி விறைச்சுக்கிட்டு நின்னுச்சு. கட்டை மாதிரி. ஆளு அசையல, கை மட்டும் வானத்தைப் பாத்து... எனக்குத் தெரியும்டி அது என்னன்னு, மூளையில அடின்னு. நான் ஆடின காலத்துல ரெண்டு பேருக்குப் பாத்திருக்கேன்.

— பாத்தியா நீ?

— பாத்தேன். லைன் அவுட்டுல அவன் அந்தப் பக்கம் போனதையும் பாத்தேன். எட்டு மார்க்கு, எட்டு மார்க்குன்னு எனக்குள்ளயே சொல்லிக்கிட்டிருந்தேன். ஊர்ல யாராவது கேட்டா எட்டுன்னு அடிச்சுச் சொல்லிட்டா, ஆட்டம் நல்லாத்தானே இருந்துச்சுன்னு போயிடும்... இங்கிலாந்து மேட்ச் ஆடிட்டான்னா அப்புறம் ஒரு மாசம் ஓய்வு. அதுவரைக்கும் தாங்குவான்னு நெனச்சேன்.

— தாங்குவான்னு நெனச்சியா?

— திட்டு.

— திட்ட எனக்குத் தெம்பில்ல. நட.

— ஆனா ஒண்ணு டெலித்... எனக்கு இன்னும் ஆறல. சொல்லிடறேன். அவன் இருபத்துமூணு வயசு ஆம்பள. அவன் தலை, அவன் ஆட்டம். நீ நேரா டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னால அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். பெத்தவன்னா எது வேணா பண்ணலாமா? டெஸ்ட்டு முடிஞ்சு உள்ளேர்ந்து வரும்போது அந்தத் தடுப்பைத் தாண்டித்தானே வந்திருப்பான்? கூப்பிட்டு, 'மாக்ஸ், முடியுமாடா, சொல்லட்டுமா'ன்னு ஒரு வார்த்தை... அதுகூடக் கேக்கத் தோணலையா உனக்கு?

— கேக்கத்தான்யா போனேன். டாக்டரைக் கூப்பிடணும்னு நெனச்சுக்கூட நான் போகல. அவன் முகத்தைப் பாத்துட்டு வரலாம்னுதான் போனேன். தடுப்புகிட்ட நின்னு 'மாக்ஸ்'னு கூப்பிட்டேன். நின்னான். என் மூஞ்சியை நல்லா உத்துப் பாத்தான், சிரிச்சான்கூட. 'ஆன்ட்டி, இங்கெல்லாம் நிக்கக்கூடாது, காவலாளுங்க திட்டுவாங்க, மேல போய் உங்க எடத்துல உக்காருங்க'ன்னான். மரியாதையாத்தான் சொன்னான்.